நொய்யலும் ஒரு முகப்பருவும்

சாயம் போட்டது பனியனுக்கு. சிவந்தது நொய்யல். துணியில் ஒட்டாத மிச்சமெல்லாம் ஆற்றில் போய், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவாகத் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் திருப்பூருக்கு உறைத்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

இதே கூத்து உங்கள் வயிற்றுக்குள்ளும் நடக்கலாம். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறீர்கள். குறி என்னவோ பருவுக்குள் இருக்கும் ஒரே ஒரு பாக்டீரியா. ஆனால் மாத்திரைக்கு விலாசம் தெரியாதே! குடலில் சிவனேயென்று கிடக்கிற கிருமிகளையும் சேர்த்து அடிக்கும். தப்பிப் பிழைத்தவை மருந்துக்குப் பழகிவிடும். பழகிய வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கற்றுக்கொடுக்கும். நாளைக்கு நிஜமாகவே பெரிய வியாதி வந்தால் மருந்து கைவிரிக்கும்.

இதற்குத்தான் சாரிசைக்ளின் வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்துக் கடைக்குட்டிகளில் ஒன்று. 2018 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி. ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் கடுமையான பருக்களுக்கு, நாளுக்கு ஒரு மாத்திரை. பருக் கிருமியை ஒரு கை பார்க்கும். ஆய்வகச் சோதனைகளில் குடல் கிருமிகளை அவ்வளவாகச் சீண்டவில்லை. குறுகிய வீச்சு மருந்து என்பது இதுதான். சாயக்கழிவை வெளியே விடாத பட்டறை மாதிரி.

நல்ல சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் மருந்தின் வீச்சைக் குறுக்கினால் போதுமா? விற்கிற கையின் வீச்சு?

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பனியன் கம்பெனிப் பெண்ணுக்குத் தோல் டாக்டரைப் பார்க்க லீவு போட்டால் சம்பளம் போச்சு. சனிக்கிழமை சம்பளக் கவரோடு மெடிக்கல் ஷாப்பில் நின்று, “அண்ணா, பருவுக்கு ஏதாவது குடுங்க” என்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? சீட்டு கேட்காமல் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவரையும், டாக்டரைப் பார்க்க அரை நாள் விடாத முதலாளியையும்தான் கேட்க வேண்டும். கர்ப்பிணிக்கு இந்தக் குடும்பத்து மாத்திரைகள் ஆகாது என்பதையாவது கடையில் யாராவது சொல்கிறார்களா?

லேசான பருவுக்கு மாத்திரையே வேண்டாம். பென்சாயில் பெராக்ஸைடு போன்ற பூச்சே போதும். கடுமையான பருவுக்கு டாக்டர் மாத்திரை எழுதினாலும் கூடவே பூச்சும் உண்டு, மூன்று நான்கு மாதத்தில் நிறுத்தவும் வேண்டும்.

அட்டையின் பின்னால் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். அது அலங்காரத்துக்குப் போட்டதில்லை.