மெருகுக்கு முன் மெய்

பழைய அமெரிக்கக் கார்களைச் சேகரிப்போர் மத்தியில் இரண்டு வகைகளுக்குத் தனி மவுசு உண்டு. ஒன்று, கூரையை மடித்துவிட்டு ஓட்டும் கன்வெர்ட்டிபிள். மற்றொன்று, நடுத்தர வண்டியில் பெரிய வி-8 என்ஜினை ஏற்றிய மசில் கார். இரண்டும் ஒன்றாய் அமைந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். 1971-ஆம் ஆண்டுக்கான பிளைமவுத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள்கள் ஒரு டஜனைத் தாண்டாது. அவற்றில் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

மசில் கார்களின் பொற்காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய உள்விதி. அந்நிறுவனத்தின் போன்டியாக் பிரிவைச் சேர்ந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் 1964 மாடலில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஜிடிஓ என்பதைத் தனிக் காராக அறிவிக்காமல், லெமான்ஸ் காரை வாங்குவோர் கூடுதல் பணம் கட்டிப் பெறும் ‘ஆப்ஷன்’ ஆக்கி, 389 கன அங்குல என்ஜினைப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்த மாடல் ஆண்டிலேயே 32,450 விற்றன. 1970-இல் ஷெவர்லேயின் ஷெவல் எஸ்எஸ் 454 காரின் எல்எஸ்6 என்ஜின் 450 குதிரைத்திறனைத் தொட்டது. பிறகு இன்சூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973-இன் எண்ணெய் நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்து அந்த ஓட்டத்தை நிறுத்தின.

சேகரிப்போரிடையே இன்று மூன்று நெறிகள் வேரூன்றியுள்ளன. முதலாவது, வண்டியை ஆலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்பது. 1935-இல் தோன்றிய அமெரிக்கப் பழங்கார்க் கழகமும், 1974-இல் அமைந்த தேசியக் கொர்வெட் மீட்பாளர் சங்கமும் இந்நெறியின் தூண்கள். கொர்வெட் சங்கத்தின் ‘டாப் ஃபிளைட்’ விருதுக்கு 94 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆலையில் அடித்த பெயிண்ட் ஆரஞ்சுத் தோல்போலச் சற்றே சொரசொரப்பாகத்தான் இருந்தது. அதைக் கண்ணாடிபோல இழைத்து வருபவருக்கு அங்கே மதிப்பெண் குறையும். ஆலை தந்ததைவிட அழகாக்குவதும் அவர்கள் கணக்கில் பிழையே.

இரண்டாவது, கை வைக்காமல் காப்பது. மங்கிய பெயிண்ட், தேய்ந்த இருக்கை, பழைய துணிக்கூரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைப்பவர்கள் இவர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மீட்கலாம், அசல் நிலை ஒருமுறைதான் என்பது இவர்களின் வாதம். இத்தகைய ‘சர்வைவர்’ கார்களுக்கு இன்று தனிப் பிரிவும் பரிசும் உண்டு. மூன்றாவது, ரெஸ்டோமாட். பழைய உடலுக்குள் புதிய என்ஜின், டிஸ்க் பிரேக், ஏசி. டிரம் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் இறங்கத் தயங்குபவருக்கு இது நியாயமான வழிதான்.

எந்த நெறியானாலும் உரைகல் ஒன்றே: வண்டி தன்னை எதுவென்று சொல்கிறதோ, அதுவாகவே இருக்க வேண்டும். அதைச் சோதிப்பது எளிதன்று. 1970 வி-8 ஷெவல் கன்வெர்ட்டிபிளின் சேசிஸ் எண் 13667 என்று தொடங்கும். 67 கன்வெர்ட்டிபிளைக் குறிக்கும். ஆனால் எஸ்எஸ் ஆப்ஷனுக்கு அந்த எண்ணில் அடையாளமே கிடையாது. ஷெவலின் சாதாரண மாலிபு வகைக்குச் சின்னங்களை ஒட்டி எஸ்எஸ் ஆக்கிவிட முடிகிறது. 1964, 1965 ஜிடிஓக்களின் கதியும் இதுவே. எனவே காகிதங்களைத் தேட வேண்டியிருக்கிறது. போன்டியாக்குக்கு ஆலையின் பழைய பில் நகல்களைப் பெற வழியுண்டு. ஷெவலுக்கு, பெட்ரோல் டேங்கின் மேலோ இருக்கை ஸ்பிரிங்குகளுக்கிடையிலோ தொழிலாளர் விட்டுவைத்த ‘பில்ட் ஷீட்’ எனும் தயாரிப்புத் தாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து என்ஜின். ஷெவர்லே வி-8 பிளாக்கில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சிறு தட்டையான இடம் உண்டு. அதில் என்ஜின் குறியீடும், ஒன்றுகூட்டிய தேதியும், பெரும்பாலும் காரின் எண்ணில் ஒரு பகுதியும் பொறித்திருக்கும். பிளாக்கின் வார்ப்புத் தேதி அதற்கு முந்தியதாகவும், கார் தயாரான தேதி பிந்தியதாகவும் இருக்க வேண்டும். தேர்ந்த நடுவர் எண்ணோடு நிற்பதில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, அந்த இடத்தைச் சீவிய எந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகளைத் தேடுவார். கோடுகள் அழிந்திருந்தால், யாரோ பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம். சுவடியில் இடைச்செருகலைக் கண்டுபிடிக்கும் பதிப்பாசிரியரின் கண் அது.

நகல் காரை நகல் என்று சொல்லி வைத்திருப்பதில் குற்றமில்லை. அதை அசலென்று விற்பதே இம்மரபுக்குச் செய்யும் துரோகம். ஆகவே புதிதாகச் சேகரிக்க வருவோரே, மெருகைப் பார்த்து மயங்காமல் முதலில் வண்டியின் காகிதங்கள் அடங்கிய கோப்பைக் கேளுங்கள். உங்கள் கையில் மாறிய ஒவ்வொரு பாகத்தையும் தேதியோடு எழுதி அதிலேயே சேருங்கள். வண்டியை விற்கும் நாளில் சாவியோடு அந்தக் கோப்பையும் முழுதாக ஒப்படைப்பது சேகரிப்பாளரின் தலையாய கடமை.