தயிர் வழக்குக்காகக் காத்திருக்காது

தில்லியில் 1961-ஆம் ஆண்டு ஒரு கடையில் தயிர் மாதிரி எடுக்கப்பட்டது. அது தரம் குறைந்தது எனப் பொதுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தந்தார். ஆனால் வழக்குத் தொடுப்பதற்குள் மாதங்கள் பல ஓடிவிட்டன. அன்று நடைமுறையில் இருந்தது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். அதன்படி மாதிரி மூன்று பகுதிகளாக்கப்படும். அவற்றுள் ஒன்று விற்றவரிடமே கொடுக்கப்படும். வழக்கு வந்தபின் அவர் அதை மைய உணவு ஆய்வகத்திற்கு அனுப்பி மறு ஆய்வு கோரலாம். இந்தக் கடைக்காரரும் கோரினார். தயிர் கெட்டுவிட்டது, ஆய்வு செய்ய இயலாது என்று ஆய்வகம் எழுதிவிட்டது. அவர் விடுதலையானார். உச்ச நீதிமன்றமும் 1966-இல் அந்த விடுதலையை உறுதி செய்தது.

நீதிமன்றத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. சரிபார்க்க முடியாத ஓர் அளவீட்டைக் கொண்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது எப்படி முறையாகும்? ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு விடை எழுதினால், நாம் ஏற்றுக்கொள்கிறோமா? குறை சட்டத்தை நடத்தியவர்களுடையது. பாக்டீரியாக்கள் வாய்தா கேட்பதில்லை என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு வழக்கைப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தில் 1995 அக்டோபரில் எடுக்கப்பட்ட பால் மாதிரி இது. கொழுப்பு 4.6 சதவீதம் இருந்தது, அதில் குறையில்லை. கொழுப்பல்லாத திண்மங்கள் 8.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 7.7 மட்டுமே இருந்தன. இவ்வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2019 அக்டோபரில்! தரம் என ஓர் எண் விதிக்கப்பட்டுவிட்டால் அதிலிருந்து சிறிது விலகினாலும் குற்றமே என்று கூறி, நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்தியது. பால் கறந்த பசுவின் பேத்திகூட அதற்குள் கிழடாகியிருக்கும்.

இங்குச் சிறிது கணக்குப் போடலாம். 8.5 சதவீதம் இருந்த பாலில் நீர் ஊற்றி 7.7 ஆக்க வேண்டுமானால், கிடைக்கும் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு நீராக இருக்க வேண்டும். சரி, ஆனால் நீர்தான் ஊற்றப்பட்டது என்பதற்கு இந்த எண்ணில் என்ன சான்று? தீவனம் போதாத மாட்டின் பாலிலும் திண்மங்கள் குறையலாம். பால் வழக்குகளில் காலங்காலமாக எழும் வாதம் இது. கலந்தவர் பொய்யாகச் சொல்வதும் உண்டு. கலக்காதவர் உண்மையாகச் சொல்வதும் உண்டு.

இவ்விருவரையும் பிரித்துக் காட்ட இயற்பியலில் ஒரு வழி இருக்கிறது. பாலின் உறைநிலை சுமார் −0.54 டிகிரி செல்சியஸ். பாலில் கரைந்துள்ள சர்க்கரையும் உப்புகளுமே இதற்குக் காரணம். மாட்டின் மடியில் பாலின் சவ்வூடு அழுத்தம் இரத்தத்தின் அழுத்தத்தோடு சமநிலையில் இருப்பதால், தீவனம் குறைந்தாலும் உறைநிலை மிகச் சிறிதே மாறும். நூற்றுக்கு 9 பங்கு நீர் சேர்ந்தாலோ அது −0.49 அளவுக்கு ஏறிவிடும். வேறுபாடு ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குதான். கல்லூரி வெப்பமானியில் இதைக் காண முடியாது. அதற்கென உள்ள உறைநிலைமானி ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஆனால் ஒன்று: பால் புளித்தால் லாக்டிக் அமிலம் உண்டாகி உறைநிலை மீண்டும் கீழே இறங்கும். நீர் ஊற்றிய பால் புளித்தபின் நல்ல பால்போலத் தோன்றக்கூடும். ஆகவே அளவீடு அன்றன்றே நடக்க வேண்டும். மீண்டும் கடிகாரத்திடமே வந்து நிற்கிறோம்.

தெருவில் பால்காரரை மிரட்டப் பயன்படும் பால்மானியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அடர்த்தியை மட்டுமே அறியும். ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும். நீரை ஊற்றினால் குறையும். இரண்டையும் அளவாகச் செய்தவரை அது நல்லவர் என்றே சொல்லும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் பழைய சட்டத்தின் இடத்திற்கு வந்தது. மாதிரி இப்போது நான்கு பகுதிகளாக்கப்படுகிறது. பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தயிர்க் கடைக்காரரின் வழக்கில் தெரிந்த ஓட்டை இதனால் ஓரளவு அடைபடுகிறது. தரக்குறைவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், பொய்ச் சீட்டு ஒட்டியதற்கு 3 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. இவற்றைக் கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே விசாரித்து விதிக்கிறார். உயிர்ச்சேதம் விளைவித்த பண்டத்திற்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. நல்ல பாகுபாடுதான். ஆனால் வழக்குத் தொடுக்க ஓராண்டும், சிறப்பு அனுமதி பெற்றால் மூன்றாண்டும் இச்சட்டம் அவகாசம் தருகிறது. ஆய்வாளருக்கு 14 நாள், அலுவலகத்துக்கு மூன்றாண்டு என்ற இந்த விகிதம் எனக்கு விளங்கவில்லை.

காலத்தை வென்றாலும் கருவி ஏமாறலாம். தேன் இதற்கு எடுத்துக்காட்டு. இயற்கையில் கார்பன்-12 உடன் சிறிதளவு கார்பன்-13 கலந்துள்ளது. கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு. நெல்லும், தேனீக்கள் நாடும் பெரும்பாலான மலர்ச் செடிகளும் செய்யும் முறை வேறு. திட்ட அளவை நோக்கக் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 12 பங்கு குறைவு. தேனில் சுமார் 25 பங்கு குறைவு. ஆகவே தேனில் கரும்புப் பாகு கலந்தால் ஐசோடோப்பு விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். கலப்படக்காரர்களுக்கு இது தெரியாதா? அரிசியிலிருந்து எடுத்த பாகுக்கு மாறினால் போதும். நெல்லும் மலரும் இந்தச் சோதனைக்கு ஒரே சாதி!

2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் வாங்கிய 13 வணிகப் பெயர்த் தேன்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்திய விதிகளில் உள்ள சோதனைகளில் அவற்றுள் பெரும்பாலானவை தேறின. ஜெர்மனியில் நடந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் 10 தவறின. நிறுவனங்கள் இம்முடிவை மறுத்தன. ஒப்பிடுவதற்கு இந்தியத் தேன்களின் தரவுத் தொகுப்பு போதாது என்ற வாதமும் எழுந்தது. அவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு இதே சோதனை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அது அப்போது விதிக்கப்படவில்லை. கடல் கடக்கும் புட்டிக்கு ஒரு நாணயம், நம் வீட்டு அலமாரிக்கு ஒரு நாணயமா?

இன்னும் ஒரு சிறு செய்தி. எந்த அளவீட்டுக்கும் பிழை எல்லை உண்டு. 7.7-க்கும் 8.5-க்கும் உள்ள இடைவெளி பெரியது. அதைப் பிழை என்று தள்ளிவிட இயலாது. 8.4 என்று வந்தால்? சிறு விலகலும் குற்றம் எனில், அந்தச் சிறு விலகல் பாலில் உள்ளதா, தராசில் உள்ளதா என்பதை அறிக்கைதான் சொல்ல வேண்டும். மாதிரி எடுத்த நேரம், அது இருந்த வெப்பநிலை, ஆய்வு தொடங்கிய நேரம், முடிவின் பிழை எல்லை ஆகிய நான்கையும் எழுத அறிக்கைத் தாளில் நான்கு வரிகள் போதும்.