சிக்கனத்தில் ஒரு விளையாட்டுக் கணினி

ஆம்பூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் ரயிலில் சென்று சேரக்கூடிய பெரிய மின்னணுச் சந்தை சென்னை ரிச்சி தெரு. அங்கே முதல் கேமிங் கணினிக்குப் பாகம் தேர்வது, தோல் மண்டிக்காரர் விரலால் தடவித் தரம் பிரிப்பதைப் போன்றே பொறுமை கேட்கும் கலையாகும். கையிருப்பு குறைவாயின், காட்சிகளை வரைந்து தரும் தனிப் பாகமான கிராபிக்ஸ் கார்டைப் பின்னாளுக்கு ஒத்திவைத்து, அவ்வேலையையும் தானே செய்யும் செயலியை வாங்குவதே அறிவார்ந்த தொடக்கம். ஏ.எம்.டி. நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி அத்தகையது.

அதற்கெனத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேமையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆகவே 16 ஜிபியை ஒரே பட்டையாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கி, நான்கு செருகிடங்கள் உள்ள மதர்போர்டில் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினால், தரவு செல்லும் வழி இரட்டிப்பாகி ஆட்டம் கண்கூடாகச் சீராகிறது. இப்பயனைப் பலர் தவறவிடுவது வருந்தத்தக்கது. செயலியைப் பொருத்தும் கணமோ தனி அழகுடையது: அடியில் 1,331 ஊசிகள் கொண்ட அச்சில்லின் பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்துவைத்தால், அழுத்தாமலே அமர்ந்துவிடுகிறது.

மின்சாரத்தைப் பாகங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் கூடாது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூரில், பாகங்களை அடக்கக் கண்ணாடி முகப்புப் பெட்டியைவிட வலை முகப்புப் பெட்டியே ஏற்றது. ஏனெனில் விசிறி அறைக் காற்றையே உள்ளிழுப்பதால், எந்தப் பாகமும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்வதில்லை; அக்காற்றாவது தடையின்றி உள்ளே நுழைய வேண்டும்.