தக்கையும் கார்க்கும்: சொற்பொருளின் சமூக அடிப்படை

‘கார்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் ‘தக்கை’ என எழுதுவது வழக்கம். இச்சமன்பாடு ஆராய்ந்து நோக்கத்தக்கது.

‘கார்க்’ அடிப்படையில் ஒரு மூலப்பொருளின் பெயர். மேற்கு மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய ஓக் மரமொன்றின் பட்டை. ‘கார்க்ஸ்குரூ’, ‘கார்க்கேஜ்’ முதலாய வழிச்சொற்களோ மதுப்புட்டியையும் அதன் வாணிகத்தையும் சுற்றியே பிறந்தன. தக்கை, பயனின் பெயர். தேவாரத்தில் இசைக்கருவியொன்றையும் சுட்டும் இச்சொல், பிற்கால வழக்கில் அடைப்பானையும் வலையின் மிதப்பையும் குறிக்கின்றது. மிதப்பது நெட்டியாயினும் மரமாயினும் பிளாஸ்டிக்காயினும் அது தக்கையே.

எனினும், இதனைத் தமிழின் தனிச்சிறப்பெனப் போற்றுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. ஆங்கிலம் பேசும் மீனவரும் வலையின் மிதப்புக் கயிற்றைக் ‘கார்க்லைன்’ என்பர். மிதப்புகள் பிளாஸ்டிக்காக மாறிய பின்னரும் அப்பெயர் நிலைத்தது. பட்டையின் பெயர் அவர்தம் உழைப்பில் பயனின் பெயராயிற்று. ஆகவே வேறுபாடு இரு மொழிகளுக்கிடையே அன்று. கடைக்கும் கரைக்கும் இடையே உள்ளது.

புட்டியின் மூடியை மட்டும் கண்டு பொருளெழுதும் அகராதி, உழைப்பாளரின் மொழியைப் புறக்கணிக்கின்றது. மன்னார்க் கடலிலும் கட்டுக்கரைக் குளத்திலும் வலைவீசுவோரின் சொற்களைத் தொகுத்தல் வெறும் வட்டார ஆர்வமன்று. சொற்பொருளாய்வின் அடிப்படைக் கடனாகும்.