மௌனத்தை யார் கணக்கில் எழுதுவது?

2020 ஜூன். ஜெர்மனி, ஜப்பான், இந்தியா என மூன்று நாட்டு மாணவர்களைச் சேர்த்து நடந்த ஓர் இணையவழி வகுப்பில் நானும் இருந்தேன். எங்களுக்கு மதியம் ஒன்றரை மணி. அங்கே காலை பத்து, ஜப்பானில் மாலை ஐந்து. ஜெர்மன் மாணவர்கள் முகம் காட்டி, ஆசிரியரையே மறுத்துப் பேசினார்கள். ஜப்பான் மாணவர்களும் நாங்களும் பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்களாக இருந்தோம்.

இரண்டாம் வாரம் ஆசிரியர் ஓர் அட்டவணையைக் காட்டினார். மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹாலின் கருத்து அது. ஒரு பக்கம், எல்லாவற்றையும் சொல்லிலேயே போட்டு உடைக்கும் பண்பாடுகள்: ஜெர்மனி. மறுபக்கம், பாதியைச் சூழலிடம் விட்டுவிடும் பண்பாடுகள்: ஜப்பான், இந்தியா. எங்கள் மௌனத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. எனக்குப் பெருமைகூட வந்தது. நம்ம உள்ளுறையும் இறைச்சியும் இதுதானே!

உண்மை வேறு. என் தினசரி ஒன்றரை ஜிபி மதியத்துக்குள் காலியாகிவிடும்; தங்கையின் வகுப்பும் அதே போனில்தான். இருந்த ஒரே அறையில், இரவுப் பணி முடித்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். மைக்கை ஆன் பண்ணினால் அவர் விழித்துவிடுவார். இதில் பண்பாடு எங்கே இருக்கு? ஆனால் அந்த அட்டவணை என் வறுமைக்கு ஒரு கௌரவமான பெயர் கொடுத்தது. அதன்பின் யாரும் காரணம் கேட்கவில்லை. பங்கேற்புக்கான மதிப்பெண் மட்டும் போனது.

பிறகுதான் ஹாலைப் படித்தேன். 1950களில் அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். வெளிநாடு கிளம்புகிறவருக்குச் சுருக்கமான கையேடு தேவை. அட்டவணை மோகம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் 1976இல் வந்த ‘பியாண்ட் கல்ச்சர்’ அட்டவணையைவிட நுட்பமானது. சேர்ந்து வளர்ந்த இரட்டையர் குறைந்த சொற்களில் பேசிக்கொள்வதையும், நீதிமன்றத்தில் இரு வழக்கறிஞர்கள் எல்லாவற்றையும் விரித்துச் சொல்ல வேண்டியிருப்பதையும் அதில் ஒப்பிடுகிறார். அப்படியென்றால் சூழல் என்பது பகிர்ந்த வாழ்க்கை. அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. எங்கள் வகுப்பில் யாரும் எதையும் பகிர்ந்திருக்கவில்லை. மரத்தடி, கேன்டீன், பக்கத்து பெஞ்சு எல்லாம் திரைக்கு வெளியே நின்றுவிட்டன. ஹாலை ஒழுங்காகப் படித்திருந்தால், ‘இவர்கள் ஏன் இப்படி’ என்பதற்குப் பதில் ‘இவர்களுக்கு இப்போது என்ன சூழல் இருக்கிறது’ என்று கேட்டிருக்கலாம்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. கடைசி வாரம், என் குழுவில் இருந்த ஜப்பான் மாணவி தனிச்செய்தியில் கேட்டாள்: “நீ பேசவே மாட்டேங்கிறியே, நெட் பிரச்சினையா?” ஆமாம் என்றேன். நீ ஏன் பேசறதில்லை என்று திருப்பிக் கேட்டேன். “இங்கிலீஷ்ல ஒரு வாக்கியத்தை நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போயிடறீங்க.”

அதுவரை நானும் அவளை அந்த அட்டவணையில்தான் வைத்திருந்தேன்.