வில்லன் செத்தால் மழை வருமா?

ஆந்திரத்துப் புத்தூருக்கு மேற்கே சந்திரகிரிக் கோட்டை, விஜயநகரத்தின் பிற்கால அரசர்கள் இருந்து ஆண்ட இடம். கிழக்கே புலிகாட் ஏரியை ஒட்டி ஸ்ரீஹரிகோட்டா. 2022-இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது இரண்டும் ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. ராயர் காலத்துக்கும் ராக்கெட் காலத்துக்கும் ஒரே படத்தில் போய்வந்தவர் சிங்கீதம் சீனிவாசராவ். அவருடைய 'ஆதித்யா 369' (1991) தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. அதன் கால எந்திரம் முதலில் 1526-க்குப் போய்க் கிருஷ்ணதேவராயரின் அவையில் இறங்குகிறது. பிறகு 2504. உலகப் போரின் கதிர்வீச்சுக்குப் பயந்து மனிதர்கள் நிலத்தடியில் குடியிருக்கும் காலம் அது.

தென்னிந்தியத் திரை நாளைய உலகைப் பாழாகக் காட்டிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. படத்தின் வில்லன் பழம்பொருள்களைத் திருடிச் சேர்ப்பவன், நிகழ்காலத்தவன். 2504-இன் அழிவுக்கும் அவனுக்கும் தொடர்பில்லை. அவனை ஒழித்தாலும் அந்த அழிவு அப்படியேதான் நிற்கும். பின்னால் வந்த நம் படங்கள் பெரும்பாலும் இந்தத் துணிவைக் கைவிட்டன என்பதே என் வாதம்.

நமக்கு முன்கதை உண்டு. ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' (1963) படத்தில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள், தங்கள் உலகில் கலை இல்லை என்பதற்காக. பானுமதியை மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். விஞ்ஞானம் இருந்தும் இசையற்ற உலகம் என்பது நல்ல கற்பனை. ஆனால் அந்தக் கேள்வியைக் கிளறாமல் படம் சாகசத்துக்குத் தாவிவிடுகிறது.

உலகத் திரையின் செவ்வியல் பேரழிவுப் படங்களில் குற்றவாளியைத் தேடினால் பெரும்பாலும் தனி ஆள் அகப்படுவதில்லை. ஸ்டான்லி கிராமரின் 'ஆன் த பீச்' (1959) அணுப்போருக்குப் பின் மெல்போர்னில் கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் மக்களைக் காட்டுகிறது. போரைத் தொடங்கியது யார் என்று அங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 'சாய்லெண்ட் கிரீன்' (1973) காட்டும் 2022-ஆம் ஆண்டு நியூயார்க்கில் 4 கோடிப் பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். உண்மையைக் கண்டுபிடித்த போலீஸ்காரன் கத்துகிறான். நகரம் மாறுமா என்று படம் சொல்வதில்லை. பிரிட்டனின் 'த்ரெட்ஸ்' (1984) ஷெஃபீல்டு நகரத்துச் சாதாரணக் குடும்பங்களை அணுகுண்டுக்கு அடியில் நிறுத்திவிட்டு ஆறுதல் எதுவும் சொல்லாமல் முடிகிறது. எல்லாமே இப்படி என்று சொல்ல முடியாது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' (1927) மேலே முதலாளிகளையும் கீழே தொழிலாளிகளையும் வைத்துவிட்டு, நடுவில் ஒரு சமரசக்காரனை நிறுத்திக் கதையை முடித்தது. அந்த முடிவு தனக்கே பிடிக்கவில்லை என்று லாங் பின்னாளில் சொன்னார்.

நம்மூரில் 2010-க்குப் பிறகு அழிவுப் படங்கள் வரிசையாக வந்தன. 'ஏழாம் அறிவு' (2011) கிருமிப் போர். சக்தி சௌந்தர்ராஜனின் 'மிருதன்' (2016) ரசாயனக் கழிவிலிருந்து ஊட்டியில் ஸாம்பிகளைக் கிளப்பியது. அவரே எடுத்த 'டிக் டிக் டிக்' (2018) விண்கல்லை வங்கக் கடலை நோக்கி வரவைத்தது. பிரசாந்த் வர்மாவின் 'ஜாம்பி ரெட்டி' (2021) ராயலசீமையின் ஃபேக்‌ஷன் பகையோடு ஸாம்பியைச் சேர்த்தது. மிருதனின் தொடக்கம் நல்லது: கழிவு கசிகிறது, ஒரு நாய் நக்குகிறது. அந்தக் கழிவு எந்த ஆலையிலிருந்து, யார் அனுமதியில் வந்தது என்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை.

ஷங்கரின் '2.0' (2018) இன்னும் சிக்கலானது. பறவைகளுக்காக அழும் பக்ஷிராஜனின் துக்கத்தைப் பார்வையாளர் மனத்தில் ஏற்றிவிட்டு, அவரையே அரக்கனாக்கிச் சிட்டி என்ற ரோபோவை விட்டு அழிக்கிறது. செல்போன் கோபுரங்கள் பறவைகளைக் கொல்கின்றன என்ற படத்தின் வாதத்துக்கு உறுதியான அறிவியல் சான்று கிடையாது. புலிகாட்டின் பூநாரைகளுக்கும் நேலப்பட்டுக் கூழைக்கடாக்களுக்கும் ஆதாரம் நீர். ஏரியின் முகத்துவாரம் மணலில் தூர்வது அங்கே கண்கூடான சிக்கல். அதைப் படமாக்கினால் சண்டைக்கு ஆள் கிடைக்காது.

நாக் அஸ்வினின் 'கல்கி 2898 ஏடி' (2024) இந்த மண்ணின் கவலைக்கு மிக நெருங்கி வந்தது. சிங்கீதம் இதற்கு வழிகாட்டியாக இருந்தார். கங்கை வற்றிய காசி. மேலே அந்தரத்தில் தலைகீழ்ப் பிரமிடாகக் காம்ப்ளெக்ஸ். நீரும் பசுமையும் அங்கே மட்டும். கருத்தரிக்கக்கூடிய பெண்களையும் அங்கேதான் கொண்டுபோகிறார்கள். முதல் பாதி முழுக்க இது ஓர் அமைப்பின் கதை. போகப்போக யாஸ்கின் என்ற ஒரே ஆளின் பேராசைக் கதையாகச் சுருங்குகிறது. அல்ஃபோன்சோ குவாரோனின் 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) படத்திலும் உலகமே ஒரு கர்ப்பிணியைச் சுற்றித்தான் நிற்கிறது. அவள் அகதி, அவள் பிள்ளை வெறும் பிள்ளை. கல்கியில் கருவில் இருப்பது அவதாரம். அவதாரம் வரும் என்றால் மனிதர்கள் செய்ய மிச்சமிருப்பது காவலும் காத்திருப்பும்தான்.

தண்ணீர் மேட்டுக்குப் போவது புத்தூர்ப் பக்கத்தில் கற்பனைச் செய்தி அல்ல. 'கலை அரசி' நாயகன் முதல்வராகி, 1983-இல் இன்னொரு நட்சத்திர முதல்வரான என்.டி.ஆருடன் தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கண்டலேறு அணையிலிருந்து தமிழக எல்லை வரை 152 கிலோமீட்டர்க் கால்வாய் காளஹஸ்தி, சத்தியவேடு வட்டாரங்கள் வழியே வருகிறது. 1996-இல் பூண்டிக்குத் தண்ணீர் வந்தது. கரையில் இருக்கும் விவசாயிக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வரவழைத்த சென்னைக்கும் வேண்டும்.

இங்கே யாஸ்கின் யாரும் இல்லை. இரு பக்கமும் நியாயம் உண்டு, இரு பக்கமும் தாகம் உண்டு. தமிழும் தெலுங்கும் சேர்ந்து எடுக்க வேண்டிய பேரழிவுப் படத்தின் கரு இதுதான். கொல்ல ஆள் இல்லாத கதையைக் கடைசி ரீல் வரை நடத்திப் போகும் திரைக்கதை எழுத்தாளர் கிடைக்கும் நாளில், நம் பேரழிவுப் படம் பெரியவர்களுக்கான படமாகும்.