சுமையும் அருளும்: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் பாவக் கோட்பாடு

தமிழ் வழக்கில் ‘பாவம்’ என்னும் சொல் இருமுகம் கொண்டது. அறநூலார் அதனைத் தீவினை என்பர். வீதியில் இடறி விழுந்தவனைக் கண்ட மூதாட்டியோ ‘ஐயோ, பாவம்!’ என்பாள். முன்னது குற்றத்தைச் சுட்டுகிறது. பின்னது இரக்கத்தைச் சொரிகிறது. கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நாடியாகிய பாவம், அருள் என்னும் இரண்டனையும் காவியமாகப் பாட வந்த புலவர் ஒருவர், இவ்விரு முகங்களையும் எவ்வாறு இணைத்தார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்புலவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பன் கவியில் தோய்ந்தவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை உருவகக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாய், மூவாயிரத்திற்கும் மேற்பட்ட செய்யுள்களால் அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று போற்றுவோர் பலர். அப்பட்டம் அவர் பாடிய முறையைப் புகழ்கிறது. அவர் பாடிய பொருள் யாது என்று வினவுவோர் சிலரே.

பனியனின் கதைப்போக்கை முதலிற் காண்போம். அழிவு நகரத்தில் வாழும் ஒருவன் தன் முதுகில் பெருஞ்சுமை இருப்பதை உணர்கிறான். வேதநூலைப் படிக்கப் படிக்க அதன் பாரம் அவனை வருத்துகிறது. வழியில் உலகியலறிஞன் ஒருவன் அவனை மறித்து, நல்லொழுக்கம் என்னும் ஊரில் வாழும் பெரியவர் ஒருவர் சுமையை எளிதில் இறக்கிவிடுவார் என்று நயமாகக் கூறுகிறான். பயணியும் அவ்வழியே திரும்புகிறான். வழியில் நிற்கும் மலை தலைமேல் விழுவதுபோல் அச்சுறுத்துகிறது. சுமையோ முன்னினும் கனக்கிறது. பின்னர்ச் சிலுவையின் முன் அவன் நின்றபோது, அவன் கை படாமலே சுமை கழன்று, உருண்டோடிக் கல்லறைக்குள் மறைகிறது. ஒழுக்கத்தை இழித்துரைப்பது இக்கதையின் கருத்தாகாது. இனிச் செய்யும் நன்மையால் முன்செய்த குற்றத்தைத் தானே துடைத்துவிட மனிதனால் இயலாது என்பதே கருத்து.

இதனைத் தமிழிற் சொல்லப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வினை, மலம், அருள் ஆகிய சொற்கள் நம் மொழியில் முன்னரே பொருள் நிரம்பியவை. வினை என்பது பிறவிதோறும் ஈட்டிய கணக்கு. செய்தவனே துய்க்க வேண்டுவது. சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலமோ, செம்பிற் களிம்புபோல் உயிரோடு அனாதியே ஒட்டியது. கிறிஸ்தவர் கூறும் பிறவிப் பாவத்திற்கு வினையைவிட ஆணவமே நெருங்கி நிற்கிறது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மனிதன் நல்லவனாகவே படைக்கப்பட்டுப் பின் தன் விருப்பால் வழுவினான் என்கிறது விவிலியம். அங்கே பாவம் முறிந்துபோன உறவு; சித்தாந்தத்தில் மலம் அறிவை மறைக்கும் இருள். இவ்வேறுபாட்டை அறியாது சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவோர் இரு சமயங்களையுமே அறியாதார் ஆவர்.

அருளைப் பொறுத்தவரை நெருக்கம் மிகுதி. தாய்க்குரங்கைப் பற்றிக்கொள்ளும் குட்டியை வடகலையாரும், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைத் தென்கலையாரும் உவமை காட்டுவர். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனாருக்கும் பெலாஜியசுக்கும் எழுந்த வாதமும், வீடுபேற்றில் மனித முயற்சிக்குரிய இடம் யாது என்னும் வினாவையே சுற்றிச் சுழன்றது. வைணவச் சூழலில் வளர்ந்த கிருஷ்ண பிள்ளைக்குச் சுமை தானே கழலும் காட்சி அயலாகத் தோன்றியிராது என எண்ண இடமுண்டு.

அவருடைய தனித்திறன் வெளிப்படும் இடம் பிறிதொன்று. பனியன் சிலுவைக் காட்சியைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறார். அவர்தம் வாசகர் கிறிஸ்துவின் பாடுகளைப் பிள்ளைப் பருவம் முதலே கேட்டறிந்தவர். கிருஷ்ண பிள்ளையோ இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு விசாரிக்கப்பட்டதையும் சிலுவையில் அறையப்பட்டதையும் விரித்துப் பாடுகிறார். வினைக்கணக்கில் பழகிய தமிழ் வாசகன், ‘சுமை கழன்றது சரி, அதனை ஏற்றவர் யார்?’ என்று கேட்பான் அன்றோ? அதற்குரிய விடை அப்படலம். அருள் கேட்பார்க்கு இலவசம், கொடுத்தவர்க்கோ பெருவிலை. தீர்ப்புக் கூறவேண்டிய இறைவனே ‘ஐயோ, பாவம்!’ என இரங்கித் தண்டனையைத் தன்மேல் ஏற்கும் அவ்விடத்தில், அச்சொல்லின் இருமுகமும் ஒன்றாகின்றன. மொழிபெயர்ப்பாளர் என்னும் நிலையைக் கடந்து அவர் காவியப் புலவராக உயர்வதும் அங்கேதான்.

குறையும் கூறல் வேண்டும். துயரம் முதிரும் இடங்களிலும் அணிநலத்தை அவர் எளிதில் விடுவதில்லை. வடசொற்கள் மிகுதியாதலின் இன்றைய மாணவன் அகராதியின் துணையின்றி உள்ளே நுழைதல் அரிது. எளிமையில் பனியனே வெல்கிறார். எனினும் இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில், பாவி தன் குரலிலேயே இறைவனை நோக்கிப் பேசும்போது, சொல் எளிதாகிறது, நெஞ்சும் நெகிழ்கிறது. மாணவர்க்கு இந்நூலை அறிமுகம் செய்வோர் அப்பாடல்களிலிருந்து தொடங்குதல் நன்று.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கந்தசுவாமி கோயிலும், தமிழ் மெதடிஸ்டு ஆலயமும், லுத்தரன் ஆலயமும் ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. அங்கும் கிள்ளானிலும் வெவ்வேறு சமயப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழ் பயில்கின்றனர். நாமோ கிறிஸ்தவ இலக்கியம் என்றதும் நூற்பெயரையும் ஆண்டையும் மனனம் செய்வித்து அப்பால் நகர்ந்துவிடுகிறோம். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்தி, 1966-இல் இதே கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடக் காரணராய் இருந்த தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கத் துறவி. தமிழைப் பக்தியின் மொழி என்று போற்றியவர். திருவாசகத்தைக் கிறிஸ்தவர் கற்று உருகலாம் எனின், இரட்சணிய யாத்திரிகத்தைச் சைவரும் வைணவரும் கற்கத் தடை யாது?

ஒரு கோட்பாட்டை அறிதல் வேறு, ஏற்றல் வேறு. ஏற்பதும் மறுப்பதும் மாணவன் உரிமை. ‘என் சுமையை நானே இறக்கிவிட முடியுமா?’ என்னும் வினாவோ எல்லாச் சமயத்தார்க்கும் பொது. அவ்வினாவைத் தமிழில் இத்துணை விரிவாக எழுப்பிய காவியம் ஒன்று உண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் தமிழாசிரியர் கடனாகும்.